குட்டைத் தண்ணீர் தெளிந்துவிட்டது, மண்?

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். லயத்துக்கு, அதாவது எங்கள் தொழிலாளர் வீட்டு வரிசைக்குப் பின்னால் ரப்பர் மரங்கள், அதைத் தாண்டினால் ஈயக்குட்டை, ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய குளம். பள்ளி விட்டதும் தூண்டிலோடு அங்கேதான் ஓடுவோம். குட்டையோரச் சேற்றில் அம்மா கங்குங் கீரை போட்டிருந்தார். கொழுகொழுவென்று வரும். மண் ஆய்வு என் தொழிலான பிறகுதான் அந்தச் சேற்றை நினைத்து மனம் கலங்கியது.

ஈயம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் ஊர் இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டியது வெள்ளீயம் (tin), காரீயம் (lead) அல்ல. அதன் தாதுவால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் பூமிக்குள் அதோடு சேர்ந்தே ஆர்சனிக் கலந்த கனிமங்களும் கிடந்தன. பெரியவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அதில் இருப்பது இந்த ஆர்சனிக்தான். ஆழத்தில் காற்றுப் படாதவரை அது சும்மா இருந்தது. பக்கத்துத் தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டிய ஈயக்கப்பல், அதாவது குட்டையில் மிதந்தபடியே மண்ணைத் தோண்டும் இயந்திரம், இன்றும் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட கப்பல்கள் வாளி வாளியாக மண்ணை அள்ளி, அலசி, மேலே கொட்டின. காற்றும் மழையும் பட்டதும் அந்தக் கனிமங்கள் சிதைந்து, ஆர்சனிக் வெளியே வந்தது.

1985-இல் ஈய விலை சரிந்தது, சுரங்கங்கள் மூடின. மண் மட்டும் அப்படியே கிடக்கிறது. அதிலும் வெளுத்த மணல்மேட்டைவிடக் களிச்சேற்றில்தான் ஆர்சனிக்கும், காரீயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களும் அதிகம் ஒட்டிக்கொள்ளும். நாம் கீரை போட விரும்புவதோ அந்தச் சேற்றில்! எல்லையைத் தாண்டி, தெற்குத் தாய்லாந்தின் ரோன் பிபூன் என்ற ஈயச் சுரங்க ஊரில் கிணற்று நீரில் கலந்த ஆர்சனிக்கால் பலருக்குத் தோல் நோய் வந்தது 1987-இல் தெரியவந்தது. கொதிக்க வைத்தாலும் ஆர்சனிக் போகாது.

சரி, சுண்ணாம்பு போட்டால் தீருமா? புளித்த மண்ணில், அதாவது அமிலம் மிகுந்த மண்ணில், காரீயத்தையும் காட்மியத்தையும் சுண்ணாம்பு கட்டிப்போடும். ஆர்சனிக்கோ நேர்மாறு, அளவுக்கு மீறிச் சுண்ணாம்பு போட்டால் அது இளகி வேருக்குப் போகும். பாஸ்பேட் உரமும் அப்படித்தான். நீர் தேங்கினாலும் இளகும். அதைப் பிடித்துவைப்பது இரும்புச் சேர்மங்கள். பழைய சுவர் இடுக்குகளில் முளைக்குமே ஒரு பெரணி, அதன் பெயர் தெரிஸ் விட்டாட்டா. அது ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் என்று 2001-இல் புளோரிடா ஆய்வாளர்கள் கண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த செடி. ஆனால் மண் சுத்தமாகப் பல வருடம் பிடிக்கும். வெட்டிய இலையை எரிக்கவோ உரக்குழியில் போடவோ கூடாது.

அதுவரை வீட்டுக்கு வேண்டிய கீரையை, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து, உயரமான பாத்தியில் போடுங்கள். அப்புறம் மண்ணைச் சோதிக்கக் கொடுங்கள். ஒரே இடத்தில் அள்ளாமல், பத்து இடத்தில் ஒரு சாண் ஆழம்வரை எடுத்துக் கலந்து கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது ஆர்சனிக், காரீயம், காட்மியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான உரப் பரிசோதனையில் இவற்றைப் பார்க்க மாட்டார்கள்.