கீசரிலிருந்து சோலார் வாட்டர் ஹீட்டருக்கு: மொட்டை மாடியில கவனிக்க வேண்டியது

[காட்சி: மொட்டை மாடி. கறுப்பு டேங்க், அதுக்குக் கீழே சரிவா சோலார் டியூப்கள். பின்னணிக் குரல் தொடங்குகிறது.]

ஒரு யூனிட் கரண்ட் 860 லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்கும். இந்த ஒரு கணக்கை மனசுல வச்சுக்குங்க, மீதியெல்லாம் இதிலிருந்தே வந்துடும்.

தமிழ்நாட்டுல ஓவர்ஹெட் டேங்க் தண்ணி பெரும்பாலான மாசங்கள்ல 27 டிகிரி வாக்குல இருக்கும். குளிக்க 40 டிகிரி போதும். நாலு பேர் இருக்கிற வீடு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்னு வச்சுக்குவோம். மொத்தம் 200 லிட்டர், ஏத்த வேண்டியது 13 டிகிரி. 200ஐ 13ஆல பெருக்கி 860ஆல வகுத்தா 3 யூனிட் வருது. ரெண்டு மாசப் பில்லுல இது 180 யூனிட். கீசரை நாள் முழுக்க ஆன்லயே விட்டு வைக்கிற வீட்டுல டேங்க்லிருந்து கசியுற சூடும் இதோட சேரும்.

இங்க ஒரு விஷயத்தைப் பலரும் கவனிக்கறதில்ல. நம்ம பில் ஸ்லாப் முறையில வருது, மேல போகப் போக யூனிட் விலை கூடும். கீசரை நிறுத்தினா பில்லுல குறையறது மேல் ஸ்லாப்புல இருக்கிற யூனிட்டுங்கதான். அதனால மிச்சத்தைக் கணக்குப் போடும்போது சராசரி விலையை எடுக்காதீங்க. உங்க கடைசி ஸ்லாப் விலையால பெருக்கிப் பாருங்க.

[காட்சி: ஒரு பக்கெட், ரெண்டு குழாய். ஒண்ணுல 60 டிகிரி, ஒண்ணுல 27 டிகிரி.]

அடுத்து, எந்த அளவு வாங்கறது? சோலார் டேங்க்ல தண்ணி 60 டிகிரி இருந்தா, அதைப் பச்சைத் தண்ணியோட கலந்துதான் குளிப்போம். 40 டிகிரிக்குக் கொண்டு வர, பத்துப் பங்குல நாலு பங்கு சுடுதண்ணி போதும். 50 லிட்டர் குளியலுக்கு 20 லிட்டர். நாலு பேருக்கு 80 லிட்டர். அதனால நாலு பேர் வீட்டுக்கு 100 லிட்டர் சிஸ்டம் சரியா இருக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தண்ணியே குளிர்ந்து வரும், அங்க 200 தேவைப்படலாம். சமவெளியில நாலு பேருக்கு 300 லிட்டர் விக்கிறவர் உங்க தேவையைப் பார்த்து விக்கல.

58 மில்லிமீட்டர் விட்டம், 1800 மில்லிமீட்டர் நீளம் உள்ள டியூப்னா 100 லிட்டருக்கு 10லிருந்து 12 வரை இருக்கணும். எண்ணிப் பாருங்க. டேங்கைப் பெருசா காட்டி டியூபைக் குறைச்சா தண்ணி வெதுவெதுப்போட நின்னுடும்.

[காட்சி: ஒரு டியூபின் அடிமுனை, மிக அருகில். வெள்ளி நிறப் பூச்சு மின்னுகிறது.]

டியூபோட அடியைப் பாருங்க. ஃபிளாஸ்க் மாதிரியே ரெண்டு கண்ணாடி, நடுவுல வெற்றிடம். அடியில வெள்ளி மாதிரி மினுக்குறது பேரியம் பூச்சு. வெற்றிடம் போயிடுச்சுன்னா, உள்ளே புகுந்த காத்து பட்டு அந்த வெள்ளி பால் வெள்ளையா மாறிடும். அந்த டியூப் இனிமே சூட்டைப் பிடிச்சு வைக்காது. வாங்கும்போதும் சரி, வருஷா வருஷமும் சரி, ஒவ்வொரு டியூபோட அடியையும் இப்படி ஒரு பார்வை பார்த்தாப் போதும். மீட்டரெல்லாம் வேண்டாம்.

இனி இந்த வீடியோவோட முக்கியமான பகுதி. சோலார் ஹீட்டர் சரியா வேலை செய்யலன்னு வர்ற புகார்கள்ல பலதுக்குக் காரணம் அதைச் சுத்தி ஓடுற பைப்தான்.

[காட்சி: கோட்டுப் படம். ஓவர்ஹெட் டேங்க், சோலார் டேங்க், ஏர் வென்ட் பைப்.]

முதல்ல உயரம். சாதாரண சோலார் ஹீட்டர்ல பம்ப் கிடையாது. ஓவர்ஹெட் டேங்க்லிருந்து தண்ணி தானா இறங்கி வந்து சோலார் டேங்கை நிரப்பணும். அதுக்கு ஓவர்ஹெட் டேங்கோட அடி, சோலார் டேங்கோட மேல் விளிம்பை விட ஒரு அடியாவது உயரமா இருக்கணும். ஸ்டாண்டோட சேர்த்து சோலார் டேங்க் 5லிருந்து 6 அடி வரும்னா, ஓவர்ஹெட் டேங்க் அடி தளத்திலிருந்து 7 அடியில நிக்கணும். உங்க டேங்க் மொட்டை மாடித் தரையிலயே உட்கார்ந்திருந்தா, ஹெட்ரூம் மேல 200, 300 லிட்டர்ல தனியா ஒரு சின்ன டேங்க் வச்சு, மோட்டார் பைப்லிருந்து அதுக்கும் ஒரு இணைப்பு கொடுங்க. இந்த அளவை ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடியே டேப் வச்சு எடுத்துடணும். சாமான் மாடியேறின பிறகு கண்டுபிடிச்சா செலவு ரெட்டிப்பு.

அடுத்தது ஏர் வென்ட். சோலார் டேங்க் தலையிலிருந்து வானத்தைப் பார்த்து நிக்கிற அந்த ஒத்தைப் பைப்புக்கு ரெண்டு வேலை. சூடாகும்போது தண்ணி விரியும். 27 டிகிரியிலிருந்து 75க்குப் போனா 200 லிட்டர் தண்ணி 4 லிட்டருக்கு மேல பெருகும். அந்த 4 லிட்டர் ஏறுறதுக்கு இடம் இந்தப் பைப்தான். கீழே பாத்ரூம்ல ரெண்டு குழாயை ஒரே நேரத்துல திறந்தா, பச்சைத் தண்ணி உள்ள வர்றதை விட வேகமா சுடுதண்ணி வெளியே போகலாம். அப்போ காத்து உள்ளே வரணும். வழி இல்லன்னா டேங்க்குள்ள உறிஞ்சல் உண்டாகி, மெல்லிசு ஸ்டீல் உள்டேங்க் டப்பா நசுங்கற மாதிரி உள்பக்கமா நசுங்கிடும். நசுங்கின டேங்கை நிமிர்த்த முடியாது.

வென்ட் பைப்போட நுனி, ஓவர்ஹெட் டேங்க் நிரம்பி வழியற மட்டத்தை விட ஒன்றரை, ரெண்டு அடி உயரமா இருக்கணும். குறைஞ்சா அது வழியா தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கும். கொட்டுதேன்னு சில பிளம்பர்கள் அதுல வால்வு வச்சு மூடிடறாங்க. டேங்க் நசுங்கறதுக்கு வழி இதுதான். ஏர் வென்ட்ல எந்த வால்வும் வரக் கூடாது. நுனியைக் கீழ் நோக்கி வளைச்சு, பூச்சி போகாம ஒரு வலை மட்டும் கட்டுங்க.

பச்சைத் தண்ணி உள்ள வர்ற பைப்ல ஒரு என்.ஆர்.வி., அதாவது தண்ணியை ஒரு பக்கமா மட்டும் விடுற வால்வு, இருக்கணும். இல்லன்னா சூடான தண்ணி ஓவர்ஹெட் டேங்க் பக்கம் திரும்பி ஏறும், கிச்சன் குழாய்ல பச்சைத் தண்ணி திறந்தா வெந்நீர் வரும். கடையில கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற ஸ்பிரிங் வச்ச என்.ஆர்.வி. இங்க ஆகாது. ஒரு அடி உயரத் தண்ணியோட அழுத்தம் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளத் திணறும், டேங்க் அரைகுறையா நிரம்பும். பலகை மாதிரி திறந்து மூடுற ஃபிளாப் வகையை வாங்கி, படுக்கைவாட்டுல, அம்புக்குறி சோலார் டேங்கைப் பார்க்கிற மாதிரி மாட்டுங்க.

[காட்சி: இன்சுலேஷன் சுத்திய பைப் ஒன்று; அருகில் வெயிலில் வளைந்து தொங்கும் வெள்ளை பைப்.]

சுடுதண்ணி பைப்புக்கு வெள்ளை யு.பி.வி.சி. போடவே கூடாது. 60 டிகிரிக்கு மேல அது இளகித் தொங்கிடும். குறைஞ்சபட்சம் சூடு தாங்குற பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. போடுங்க. டேங்க்லிருந்து வெளியே வர்ற முதல் சில அடிக்கு ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசின இரும்பு பைப் நல்லது, மே மாசத்துல அங்க சூடு சி.பி.வி.சி. தாங்குற எல்லை வரைக்கும் போகும். மாடியில வெயில்ல ஓடுற பைப் முழுக்க இன்சுலேஷன் சுத்தி, அது மேல வெயில் படாம டேப் ஒட்டணும். வெறும் கறுப்பு ஃபோம் வெயில்ல சீக்கிரமே பொடிப்பொடியா உதிர்ந்துடும்.

பைப் சைஸ் விஷயத்துல பெருசா போட்டா நல்லதுன்னு நினைக்கிறது தப்பு. முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி. ஒரு மீட்டருக்குக் கால் லிட்டர் பிடிக்கும், அரை இஞ்ச் அதுல பாதி. சோலார் டேங்க்லிருந்து பாத்ரூம் வரை 15 மீட்டர்னா, முக்கால் இஞ்ச்ல ஒவ்வொரு தடவையும் 4 லிட்டர் பச்சைத் தண்ணி ஓடின பிறகுதான் சூடு வரும். அரை இஞ்ச்ல 2 லிட்டர் போதும். ஒரே பாத்ரூமுக்குப் போற லைன்னா அரை இஞ்ச் போடுங்க. ரெண்டு மூணு இடத்துக்குப் பிரியற லைனை மட்டும் முக்கால்ல கொண்டு வந்து, பிரியற இடத்துல குறைச்சுக்கலாம்.

எடையையும் மறந்துடாதீங்க. 200 லிட்டர் சிஸ்டத்துல 20 டியூப், ஒவ்வொண்ணுக்குள்ளயும் இரண்டே முக்கால் லிட்டர் தண்ணி. டேங்க் தண்ணி, டியூப் தண்ணி, இரும்பு எல்லாம் சேர்ந்தா 300 கிலோவைத் தாண்டும். ஸ்டாண்ட் கால்கள் பீம் அல்லது சுவர் வர்ற கோட்டு மேல நிக்கணும், சிலாப் நடுவுல கூடாது. கடலோர மாவட்டம்னா காலுக்கு அடியில கான்கிரீட் கட்டை போட்டு போல்ட் முறுக்குங்க. டியூப் தெற்குப் பார்க்கணும், அது மேல நிழல் விழாத இடமா இருக்கணும்.

[காட்சி: கண்ணாடி டம்ளரில் போர் தண்ணி. கரைஞ்ச உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர்.]

அடுத்து தண்ணி. சிறுவாணி, காவிரி மாதிரி ஆத்துத் தண்ணி வர்ற வீட்டுக்கு இதுல பெரிய கவலை இல்ல. போர் தண்ணின்னா கால்சியம் உப்பு சூட்டுல வெளியே வந்து வெள்ளைப் படலமா படியும். டியூபுக்குப் பதிலா தட்டையான பெட்டி வர்ற ஃபிளாட் பிளேட் வகையில செம்பு பைப் ஒடுங்கலானது, அடைச்சுக்கும். டியூப் வகையில படிவு அடியில போய்த் தங்கும், சுத்தம் பண்ண வசதி உண்டு. உப்புத் தண்ணிக்கு டியூப் வகையே நல்லது. கடலோரத்துல குளோரைடு கூடின தண்ணி வேற மாதிரி கெடுக்கும். 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க்ல வெல்டிங் ஓரமா ஊசி முனை அளவு ஓட்டை விழும். அங்க உள்பக்கம் எனாமல் பூசின டேங்க் கேளுங்க. உள்ளே மெக்னீசியம் ஆனோடு ராடு இருக்கான்னும் பாருங்க. டேங்குக்குப் பதிலா அரிச்சுத் தீர்றதுதான் அந்த ராடோட வேலை, அதனால வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்துப் பார்த்து, மெலிஞ்சிருந்தா மாத்தணும்.

படிவை எடுக்க பாத்ரூம் ஆசிட் ஊத்தாதீங்க. அதுல இருக்கிறது ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஸ்டீலை அரிச்சுடும். சிட்ரிக் ஆசிட்டை வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு, டியூபைக் கழட்டித் தனியா ஊற வைங்க. கழட்டுறதுக்கு ரப்பர் வளையத்துல சோப்புத் தண்ணி தடவி, டியூபை மெதுவா திருகிக்கிட்டே இழுக்கணும். எண்ணெய், கிரீஸ் வேண்டாம், வளையம் உப்பிப் போயிடும்.

[காட்சி: விடியற்காலை. டியூப்கள் மேல் சாக்கு போர்த்தியிருக்கிறது.]

முதல் தடவை தண்ணி நிரப்புறதை விடியற்காலையில வச்சுக்குங்க, இல்ல டியூப் மேல சாக்கு போர்த்திட்டு நிரப்புங்க. காலி டியூப் வெயில்ல நின்னா உள்ளே 200 டிகிரியைத் தாண்டும். அந்த நேரத்துல பச்சைத் தண்ணி பட்டா சட்டுனு வெடிக்கும். மோட்டார் ரிப்பேராகி மத்தியானம் டேங்க் வத்திப்போன அன்னிக்கும் இதே ஆபத்துதான். தண்ணி வந்ததும் உடனே திறக்காம சாயங்காலம் வரை பொறுங்க.

பழைய கீசரைத் தூக்கிப் போட வேண்டாம். வடகிழக்குப் பருவமழை வர்ற நவம்பர், டிசம்பர்ல தொடர்ந்து மேகமா இருக்கும் நாட்கள்ல அது தேவைப்படும். சோலார் டேங்க்குள்ளேயே 2 கிலோவாட் காயில் போட்டுத் தர்றேன்னு சொல்வாங்க. அதுல ஒரு பக்கெட் வெந்நீருக்காக மொத்த டேங்கையும் சூடாக்கணும். எங்க சிபாரிசு, பாத்ரூம் கீசரையே பேக்கப்பா வச்சுக்கறது. ஆனா சோலார் தண்ணியை எப்பவும் கீசர் வழியாவே விட்டா, வெயில் நாள்லயும் கீசருக்குள்ள ஆறிக் கிடக்கிற 25 லிட்டர் முதல்ல வெளியே வரும். அதனால மூணு பால் வால்வு வச்சு ஒரு பைபாஸ் போடுங்க. வெயில் மாசங்கள்ல சோலார் தண்ணி நேரா குழாய்க்கு, மழை மாசங்கள்ல கீசர் வழியா. பைபாஸ்ல இருக்கும்போது கீசர் சுவிட்ச் ஆஃப்ல இருக்கணும். சூடான தண்ணியை உள்ளே விடலாமான்னு கீசர் கையேட்டுல ஒரு தடவை பார்த்துக்குங்க. சில மாடல்ல உள்வாசல் வால்வு பிளாஸ்டிக்.

இன்னொரு கோளாறு, காரணம் தெரியாம வீட்டுக்காரங்களை அலைய வைக்கிறது. வீட்டுல பச்சைத் தண்ணி லைனுக்கு மட்டும் பிரஷர் பம்ப் இருக்கும். மிக்ஸர் குழாயைத் திறந்ததும் பம்ப் தண்ணி மிக்ஸர் வழியா சுடுதண்ணி லைனுக்குள்ள புகுந்து, மேலேறி, சோலார் டேங்கை நிரப்பி, ஏர் வென்ட் வழியா கொட்டும். ராத்திரி சூடா இருந்த டேங்க் காலையில பச்சைத் தண்ணியா இருக்கும். பழி டியூப் மேல விழும். தீர்வு, ரெண்டு லைனுக்கும் ஒரே மாதிரி அழுத்தம் கொடுக்கறது. சுடுதண்ணி லைனுக்குச் சூடு தாங்குற பம்பை சோலார் டேங்குக்கு அடுத்து வைக்கணும், முன்னாடி வச்சா டேங்க் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

கோடையில டேங்க் தண்ணி 80 டிகிரி தொடும். 60 டிகிரி தண்ணியே அஞ்சு விநாடியில தோலை வேக வைக்கும். குழந்தைகள், பெரியவங்க இருக்கிற வீட்டுல பாதி டியூப் மேல துணி போர்த்திடுங்க. பக்கெட்ல எப்பவும் முதல்ல பச்சைத் தண்ணி, அப்புறம்தான் சுடுதண்ணி.

மொட்டை மாடி கிடைக்காத ஃபிளாட்ல இருக்கிறவங்களுக்கு ஹீட் பம்ப் இருக்கு. ஏ.சி.யைத் திருப்பி வச்ச மாதிரி, காத்துல இருக்கிற சூட்டை எடுத்துத் தண்ணிக்குக் கொடுக்கும். நம்ம வெப்பத்துல ஒரு யூனிட் கரண்டுக்கு மூணு யூனிட் அளவு சூடு தரும், அதாவது மேல சொன்ன 180 யூனிட் 60 ஆகும். காத்தோட்டமான பால்கனியும், சொட்டுற தண்ணி வெளியேற ஒரு பைப்பும் வேணும்.

மானியம்னு சொல்லி விக்கிறவங்ககிட்ட ஜாக்கிரதை. 2024ல வந்த பி.எம். சூரிய கர் திட்டம் கரண்ட் தயாரிக்கிற சோலார் பேனலுக்கு, வாட்டர் ஹீட்டருக்கு இல்ல.

[காட்சி: தெர்மாமீட்டர், ஒரு டம்ளர் தண்ணி.]

வேலை முடிஞ்சதும் பணத்தை முழுசா கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. நல்ல வெயில் அடிச்ச நாள் சாயங்காலம் 5 மணிக்கு, லைன்ல நிக்கிற தண்ணியை ஓட விட்டு, அடுத்து வர்ற தண்ணியோட சூட்டை ஒரு சாதாரண சமையல் தெர்மாமீட்டர்ல அளந்து எழுதி வைங்க. ராத்திரி யாரும் சுடுதண்ணி திறக்கக் கூடாது. காலையில 6 மணிக்கு அதே குழாய்ல, அதே மாதிரி திரும்ப அளங்க. 10 டிகிரிக்கு மேல இறங்கியிருந்தா, முதல்ல என்.ஆர்.வி. சரியா மூடுதான்னு அதுக்கு ஓவர்ஹெட் டேங்க் பக்கமா இருக்கிற பச்சைத் தண்ணி பைப்பைத் தொட்டுப் பாருங்க. அந்தப் பைப் வெதுவெதுப்பா இருந்தா சூடு அந்த வழியாதான் திரும்பிப் போயிருக்கு. பிளம்பரை அனுப்பறதுக்கு முன்னாடி அதைச் சரி பண்ண வச்சுடுங்க.