நிலவின் மறுபக்கத்தை முதலில் பார்த்தது யார்?

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கின் காலடியைச் சொல்லிக் கைத்தட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். நிலவை நமக்குக் காட்டியது மனிதன்தான், ஆளில்லாக் கலம் வெறும் எடுபிடி என்றார். சரி, அந்தக் காலடி பதிந்தது 1969இல். நான் பத்து வருடம் முன்னால் போகிறேன்.

1959 அக்டோபர் 4. சோவியத் நாடு லூனா 3 கலத்தை ஏவுகிறது. எடை முந்நூறு கிலோகூட இல்லை. பூமியிலிருந்து என்றைக்குமே பார்க்க முடியாத நிலவின் மறுபக்கத்தைப் படம் பிடிக்க வேண்டும். டிஜிட்டல் கேமரா ஏது அப்போது? ஃபிலிம்தான். கழுவ இருட்டறை வேண்டுமே ஐயா! அந்த வேலைக்கான கருவியையும் கலத்துக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள். அக்டோபர் 7 அன்று நிலவின் வெளிச்சம் ஒளியுணர் கருவியில் பட்டதும் கேமரா தானாக ஓடியது. சுமார் 40 நிமிடத்தில் 29 படங்கள். அப்புறம் ஃபிலிம் உள்ளேயே கழுவப்பட்டு, காய்ந்து, ஒளிக்கதிர் ஒன்று அதை வரிவரியாகத் துழாவ, படம் ரேடியோ அலையாகப் பூமிக்குக் கிளம்பியது. முதலில் சிக்னல் சரியில்லை. கலம் பூமிப் பக்கம் திரும்பி வந்த பிறகுதான் உருப்படியாக ஏதோ கிடைத்தது.

படம் மங்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் மறுபக்கத்தின் ஏறக்குறைய 70 சதவீதம் அதில் விழுந்திருந்தது. நம் பக்கம் பரந்து கிடக்கும் கரிய சமவெளிகள் அங்கே மிகக் குறைவு என்பது அப்போதுதான் தெரிந்தது. விண்வெளிக்குப் போன முதல் மனிதரான ககாரின்கூட அந்தத் தேதியில் போயிருக்கவில்லை. அவர் போனது 1961. மறுபக்கத்தை மனிதக் கண் நேரில் பார்த்தது 1968 டிசம்பரில், அப்பல்லோ 8 பயணத்தில்.

எந்திரம் பழுதாகுமே என்று சிரித்தார்கள். ஆகும்தான். அமெரிக்காவின் முதல் ஆறு ரேஞ்சர் கலங்களும் சொதப்பின. ஆறாவது திட்டப்படியே நிலவில் போய் மோதியது, மோதும் முன் படமெடுக்க வேண்டிய கேமராதான் வேலை செய்யவில்லை! ஏழாவது கலம் 1964 ஜூலை 31 அன்று மோதி நொறுங்குவதற்குள் 4,300க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது. உள்ளே ஆள் இருந்திருந்தால் இத்தனை தடவை தோற்க எந்த அரசு துணியும்?

இன்னொன்று. நிலவில் இறங்கினால் தூசிக்குள் புதைந்துவிடுவோமோ என்ற பயம் சில விஞ்ஞானிகளுக்கு இருந்தது. 1966 பிப்ரவரியில் லூனா 9 மெதுவாக இறங்கி, புதையாமல் நின்று, அங்கிருந்தே படம் அனுப்பியது. போய்ப் பார்த்துச் சொன்னதற்குச் சம்பளமும் இல்லை, திரும்பி வர வழியும் இல்லை. அடுத்துப் பேச வரும் அம்மா இதற்கு என்ன சொல்கிறார் என்று நீங்களே கேளுங்கள், நடுவர் அவர்களே.