அன்பியத்தில் யார் பேசுகிறார்கள்?

எல்லாருக்கும் வணக்கம். இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. இன்றைக்கு அன்பியக் கூட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். கத்தோலிக்கர் அல்லாத நண்பர்களும் இந்தச் சேனலைப் பார்க்கிறீர்கள், அதனால் முதலில் ஒரு சின்ன விளக்கம். ஒரு கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பங்கு என்போம். பெரிய பங்கு என்றால் ஆயிரம் குடும்பங்கள்கூட இருக்கும். ஞாயிறு திருப்பலிக்கு, அதாவது பூசைக்கு, வருவோம், பக்கத்தில் நின்றவர் யாரென்று தெரியாமலே வீடு திரும்புவோம். அதனால் பங்கைத் தெருவாரியாக இருபது, முப்பது குடும்பங்களாகப் பிரித்து, பெரும்பாலும் ஒரு புனிதரின் பெயரை வைத்து, அவ்வப்போது யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். அதுதான் அன்பியம்.

சரி, கூடி என்ன செய்கிறோம்? நான் போய்ப் பார்த்த பல இடங்களில் ஒரு செபமாலை, ஒரு பாட்டு, விவிலியத்திலிருந்து ஒரு வாசகம், அதற்கு ஒருங்கிணைப்பாளரின் சின்னப் பிரசங்கம். அப்புறம் திருவிழா வரி, சந்தா, அறிவிப்பு, டீ. செபமாலை சொல்வதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, நானே தினமும் சொல்கிறவள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் வந்தவர்களில் எத்தனை பேர் தங்கள் மனதிலிருந்து ஒரு வரி பேசினார்கள்? பக்கத்து வீட்டுக்காரரின் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே கலைந்துபோவதற்கு அன்பியம் எதற்கு? அது கோயிலிலேயே நடக்கிறதே.

இதற்கு அருமையான ஒரு முறை நம் கையிலேயே இருக்கிறது. ஏழு படி நற்செய்திப் பகிர்வு. அன்பியப் பயிற்சிக்குப் போனவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இது வந்தது தென்னாப்பிரிக்காவிலிருந்து. அங்கே லும்கோ என்ற, திருச்சபைப் பணிக்குப் பயிற்சி தருகிற நிறுவனத்தில் பிரிட்ஸ் லோபிங்கர், ஓஸ்வால்ட் ஹிர்மர் என்று இரண்டு ஜெர்மானியக் குருக்கள் இருந்தார்கள். இருவருமே பின்னாளில் அந்த நாட்டில் ஆயர்கள், அதாவது பிஷப்புகள், ஆனார்கள். குருவானவர் எப்போதாவதுதான் வர முடிகிற ஊர்களிலும் மக்கள் தாங்களே கூடி இறைவார்த்தையைப் பகிர முடிய வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். 1990இல் இந்தோனேசியாவின் பண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள், திருச்சபை சிறு சமூகங்களின் ஒன்றிப்பாக இருக்க வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு இந்த முறை ஆசியாவில் இன்னும் வேகமாகப் பரவியது.

முதல் படியில் யாராவது ஒருவர் ஆண்டவரை அழைத்துச் செபிக்கிறார். இரண்டாவதில் பகுதியை வாசிக்கிறோம். இதெல்லாம் எளிது. மூன்றாவதில்தான் விஷயம் தொடங்குகிறது. கேட்டதில் மனதைத் தொட்ட ஒரு சொல்லை, ஒரு சிறு தொடரை, யார் வேண்டுமானாலும் நிதானமாக வாய்விட்டுச் சொல்லலாம். விளக்கம் கூடாது, அந்தச் சொல் மட்டும்தான். மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தின் கடைசியில் கடல் கொந்தளிக்கிற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். படகில் தூங்குகிற இயேசுவைச் சீடர்கள் பயந்து எழுப்புகிறார்கள், அவர் கடலை அடக்குகிறார். ஒருவர் "உமக்குக் கவலையில்லையா" என்பார். இன்னொருவர் "இரையாதே" என்பார். 2017இல் ஒக்கி புயலுக்கு ஆட்களைப் பறிகொடுத்த குமரிக் கடற்கரையில் ஒரு தாய் "உமக்குக் கவலையில்லையா" என்று சொன்னால், அதற்குமேல் எந்தப் பிரசங்கம் வேண்டும்?

நான்காம் படி மௌனம். எத்தனை நிமிடம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மூன்று நிமிடம் போதும். நம் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம். ஒரு நிமிடம் ஆனதுமே யாராவது பாட்டு எடுத்துவிடுவார்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள். வீட்டில் வேலை, பிள்ளைகள், டிவி என்று நாளெல்லாம் ஓடுகிற ஒருவருக்கு அந்த மூன்று நிமிடம்தான் அன்றைக்குக் கிடைக்கிற அமைதி.

ஐந்தாவது, பகிர்வு. இங்கே "நான்", "எனக்கு" என்றுதான் பேச வேண்டும். "இன்றைக்கு மக்கள் கடவுளை மறந்துவிட்டார்கள்" என்று தொடங்கினால் அது பிரசங்கமாகிவிடும். ஒருவர் பேசி முடித்ததும் பதில் சொல்லக்கூடாது, திருத்தக்கூடாது, அறிவுரை கூடவே கூடாது. "கவலைப்படாதீங்கக்கா, எல்லாம் சரியாயிடும்" என்று நல்ல மனதோடு சொன்னால்கூட, அந்த அக்கா அதோடு நிறுத்திக்கொள்வார். பேச விரும்பாதவரை வற்புறுத்தவும் வேண்டாம். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் பங்கேற்புதான்.

2023 அக்டோபரில் வத்திக்கானில் நடந்த ஆயர் மாமன்றத்திலும், அதாவது உலகெங்கிலுமிருந்து வந்த ஆயர்களின் பெரிய கூட்டத்திலும், கிட்டத்தட்ட இதையேதான் செய்தார்கள். கர்தினால்கள், ஆயர்கள், அருள்சகோதரிகள், நம்மைப் போன்ற பொதுநிலையினர் எல்லாரும் வட்ட மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொருவராகப் பேசி, இடையிடையே மௌனம் காத்து, மற்றவர் சொன்னதில் தங்களைத் தொட்டது எது என்று பகிர்ந்தார்கள். நம் தெருவில் பாயில் உட்கார்ந்து செய்வதும் அதே காரியம்தான் என்று நினைக்கும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது தெரியுமா!

ஒரு உண்மையையும் பேசியாக வேண்டும். அன்பியத்தில் இருப்பவர்கள் சொந்தக்காரர்கள், வேலித் தகராறு உள்ளவர்கள், வட்டிக்குக் கொடுத்தவர், வாங்கியவர். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் எல்லாருக்கும் இருக்கும். அதனால் அங்கே கேட்டது அந்த வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருங்கிணைப்பாளர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருமுறை வெளியே கசிந்துவிட்டால் அந்த அன்பியத்தில் மறுபடி யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

ஆறாம் படி, இந்த வார்த்தை நம்மை என்ன செய்யச் சொல்கிறது என்று சேர்ந்து முடிவெடுப்பது. "எல்லாரிடமும் அன்பாக இருப்போம்" என்று பொதுவாக முடிக்காதீர்கள். தனியாக இருக்கும் பாட்டியை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது, விதவை உதவித்தொகைக்கு யார் மனு எழுதித்தருவது என்று ஆளோடும் நாளோடும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, நடந்ததா என்று கேளுங்கள். ஏழாவதில் அவரவர் சொந்த வார்த்தையில் செபித்து முடிக்கிறோம்.

எட்டுப் பத்துப் பேர் என்றால் நன்றாக நடக்கும். முப்பது பேர் வந்தால் இரண்டு மூன்று குழுவாகப் பிரித்து ஒன்றை மாடியில் உட்கார வையுங்கள். ஆண்கள் வரவேண்டும் என்றால் அவர்கள் வேலை முடிந்து திரும்புகிற நேரத்தில் வையுங்கள். மாலை நான்கு மணிக்கு வைத்துவிட்டு அவர்கள் வரவில்லை என்று வருத்தப்படுவது நியாயமில்லை. திருவிழா வரியைக் கூட்டம் தொடங்குமுன்பே வசூலித்துவிடுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பகிர்வு நடக்கும்போது வீடியோ எடுக்காதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். எங்கள் அன்பியக் கூட்டத்தை இந்த வீடியோவில் நான் காட்டாததும் அதனால்தான். அடுத்த வாரம் பார்க்கலாம்.