அரிட்டாபட்டியில் நின்றதே ஐயா!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"ஊர் போடும் தீர்மானத்துக்கு ஒன்றிய அரசை நிறுத்தும் வலிமை உண்டா?" இதுதான் தலைப்பு. உண்டு என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "கிராம சபையில் கையெழுத்துப் போட்டால் டெல்லியில் கோப்பு நின்றுவிடுமா? அது வெறும் காகிதம்" என்றார். அரிட்டாபட்டியில் நின்றதே ஐயா!

2024 நவம்பர் 7. மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி, 2015.51 ஹெக்டேர், ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு என்று அறிவிப்பு வருகிறது. அந்த எல்லைக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? அரிட்டாபட்டி. பழந்தமிழ் எழுத்தான தமிழியில் வெட்டிய கல்வெட்டும் சமணத் துறவியரின் கற்படுக்கையும் தாங்கிய மலை. வல்லூறு கூடு கட்டும் பாறை. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசே அறிவித்த மண். ஏலம் விடும் முன் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? 2023-இல் திருத்திய கனிமச் சட்டப்படி டங்ஸ்டனை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கு மட்டும். மாநிலத்துக்கே இல்லாத அதிகாரம் ஊர் மந்தையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஏது?

ஆனால் அவரிடம் கிராம சபை இருந்தது. நவம்பர் 23-இல் அந்தப் பக்கத்து ஊர்கள் கூடின, வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் சட்டமன்றமே அதே சொல்லைத் தீர்மானமாக்கியது. ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். ஊர்ப் பெரியவர்களான அம்பலகாரர்கள் டெல்லிக்கே போய் அமைச்சரைப் பார்த்தார்கள். 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்து!

"அது போராட்டத்தால் வந்தது, தீர்மானத்தால் அல்ல" என்பார் நண்பர். போராட்டத்தைப் பத்துப் பேர் கிளப்பிவிட்டார்கள் என்று யாரும் சொல்லலாம். கிராம சபையை அப்படிச் சொல்ல முடியாது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அத்தனை பேரும் அதன் உறுப்பினர்கள் என்று அரசியலமைப்பே சொல்கிறது. நாடாளுமன்றத்தில் நமக்காக ஒருவர் பேசுகிறார். இங்கே ஆத்தாவும் அப்பத்தாவும் தாங்களே பேசி, தாங்களே கைநாட்டு வைக்கிறார்கள். நடந்த கால்களுக்கு அந்தக் கைநாட்டுதான் உரிமை தந்தது.

ஒடிசாவின் நியமகிரிக்கு வாருங்கள். அலுமினியத் தாதுவான பாக்சைட்டுக்காக மலையை வெட்ட வேண்டும் என்றார்கள். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், "கிராம சபைகளைக் கேளுங்கள்" என்றது. 12 ஊர்கள். மாவட்ட நீதிபதி முன்னிலையில் டோங்ரியா கோண்டு பழங்குடி மக்கள் வந்து, இது எங்கள் தெய்வம் நியமராஜாவின் மலை என்றார்கள். 12 ஊரும் மறுத்தன. ஓர் ஊர்கூடப் பிசகவில்லை! அடுத்த ஆண்டே ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை மறுத்தது.

பரந்தூரைச் சொன்னார் நண்பர். ஏகனாபுரத்து மக்கள் விமான நிலையம் வேண்டாம் என்று திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டும் வேலை நிற்கவில்லை என்றார். உண்மை. எனக்கும் அது வலிக்கிறது. ஆனால் நியமகிரியில் ஊரின் சொல்லுக்குப் பின்னால் காட்டில் வாழ்வோரின் உரிமையைக் காக்கும் 2006-இன் வன உரிமைச் சட்டம் நின்றது. ஏகனாபுரத்தின் சொல்லுக்குப் பின்னால் அப்படி ஒரு சட்டம் நிற்கவில்லை. அதற்காக ஊர் பேசாமல் இருக்க வேண்டுமா, சட்டம் வர வேண்டுமா?

கடைசியாக ஒன்று, நடுவர் அவர்களே. 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. அணுக் கனிமம், டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமம் எடுக்கும் சுரங்கங்களுக்கு இனி மக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லை. அரிட்டாபட்டி ஏலம் ரத்தாகி எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஊரின் சொல் வெறும் காகிதம் என்றால், அதைக் கேட்காமலிருக்க ஓர் உத்தரவு எதற்கு? இதற்கு மட்டும் எதிரணி பதில் சொல்லட்டும்.