மிஹாஷியை ஏஸ் ஆக்கியது அவன் கைதான்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், திரளாக வந்திருக்கும் அனிமே ரசிகர்களுக்கும் என் அன்பான வணக்கம்.

‘ஓகிகு ஃபுரிகபுத்தே’ என்ற பேஸ்பால் தொடரின் நாயகன் மிஹாஷி ரென். அவனை ஏஸ், அதாவது அணியின் முதன்மைப் பிட்சர் (பந்து எறிபவன்) ஆக்கியது அவன் கைத்திறனா, அவன் பந்தைப் பிடித்துத் திட்டம் வகுக்கும் கேட்சர் ஆபே தகாயாவின் மூளையா? இதுதான் தலைப்பு. நான் கைத்திறன் அணி. எதிரணித் தலைவர் சற்றுமுன் கேட்ட கேள்வி அவையில் நல்ல கைத்தட்டல் வாங்கியது: “அதே கைதானே நடுநிலைப் பள்ளியில் மூன்று வருஷமும் தோற்றது? உயர்நிலைப் பள்ளிக்கு வந்ததும் ஜெயித்தது என்றால், புதிதாகச் சேர்ந்தது ஆபே மட்டும்தானே?” நியாயமான கேள்விதான். பதிலுக்குப் போகும் முன், தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஹிகுச்சி அசா 2003-ல் ‘ஆஃப்டர்நூன்’ மாத இதழில் எழுதத் தொடங்கிய மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை இது. 2007-ல் அனிமேயாக வந்தது, இரண்டாம் பருவம் 2010-ல். கதை நடப்பது டோக்கியோவுக்கு வடக்கே உள்ள சைதாமா மாநிலத்தில், நிஷிஉரா என்ற சாதாரண அரசுப் பள்ளியில். கதாசிரியை தான் படித்த உராவா நிஷி பள்ளியையே மாதிரியாக வைத்து இதை வரைந்தார். பேஸ்பால் கிளப் புதிதாகத் தொடங்கிய வருஷம் அது. பத்துப் பையன்கள், பத்துப் பேரும் முதலாம் ஆண்டு. பயிற்சியாளர் மோமோஎ என்ற இளம்பெண். அங்கே வந்து சேர்கிறான் மிஹாஷி. யார் பேசினாலும் நடுங்குவான், சட்டென்று அழுதுவிடுவான், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க மாட்டான். இதற்கு முன் அவன் படித்தது குன்மா மாநிலத்தில் உள்ள மிஹோஷி பள்ளியில். பள்ளி அவன் தாத்தாவுடையது. அதனால்தான் அவனுக்கு ஏஸ் இடம் கிடைத்தது என்று சக வீரர்கள் அவனை வெறுத்தார்கள்.

சரி, இனி அந்தக் கையைப் பார்ப்போம்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்குப் பந்து தரையில் பட்டுத் திரும்புவதில்தான் சூட்சுமம். பேஸ்பாலில் தரையின் உதவி கிடையாது. பிட்சர் நின்று எறியும் மேட்டிலிருந்து, பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்த ஹோம் பிளேட் வரை 18.44 மீட்டர். அந்தத் தூரத்தைப் பந்து காற்றிலேயே கடக்க வேண்டும். ஹோம் பிளேட்டின் அகலம் 43.2 சென்டிமீட்டர். அதன் மேலே, ஏறக்குறைய பேட்டரின் முழங்காலிலிருந்து மார்பு வரை உள்ள வெற்று வெளிதான் ஸ்ட்ரைக் ஸோன். மிஹாஷி அதை ஒன்பது கட்டமாகப் பிரித்து, கேட்ட கட்டத்தில் பந்தைப் போடுவான். ஒரு கட்டத்தின் அகலம் 14 சென்டிமீட்டர் சொச்சம். இரண்டு பந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறைந்துவிடும். பதினெட்டு மீட்டர் தள்ளி நின்று, எதிரே மட்டையோடு ஒருவன் நிற்க, இந்தக் கட்டம், அடுத்து அந்தக் கட்டம் என்று மாற்றி மாற்றி அங்கே போட வேண்டும்! நேர்பந்தில் மட்டும் இல்லை. வளைபந்து, ஸ்லைடர், ஷூட்டோ என்று அவனிடம் உள்ள மற்ற பந்துகளையும் அவன் இப்படித்தான் போடுகிறான்.

இதை யார் கற்றுக்கொடுத்தார்கள்? ஆபேயா? ஆபேயைச் சந்திக்கும் முன்பே இது அவன் கையில் இருந்தது. ஒன்பது கட்டம் போட்ட பலகையை வீட்டில் நிறுத்தி, பிடிக்க ஆளில்லாமல், பாராட்ட ஆளில்லாமல், எறிந்து எறிந்து தானாகச் சம்பாதித்தது. முதல் நாள் அவன் பந்தைப் பிடிக்க உட்கார்ந்த ஆபே, வேகத்தைப் பார்த்து ஏமாந்துதான் போனான். நூறு கிலோமீட்டரைச் சுற்றியே நிற்கும் வேகம் அது. அப்புறம் கையுறையை எங்கே காட்டினாலும் பந்து அங்கேயே வந்து விழுவதைப் பார்த்த பிறகுதான் அவன் முகம் மாறுகிறது. அன்றைக்கே அணியின் உயரமான பேட்டர் ஹனாய் எதிரே நின்றும் அவனால் ஒழுங்காக அடிக்க முடியவில்லை. ஆபே செய்தது கண்டுபிடிப்பு. நான் அதை மறுக்கவில்லை, அந்தக் கண்ணுக்கு என் வணக்கம். ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அந்த நேர்பந்தையும் சொல்லியாக வேண்டும். மெதுவாக வரும் பந்து இவ்வளவு இறங்கும் என்று பேட்டரின் கண் தானாகவே கணித்துவிடும். மிஹாஷியின் பந்து அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. எதிர்பார்த்த அளவு இறங்காது. மட்டை பந்துக்கு அடியில் போய் உரசும், பந்து உயரே எழும்பி ஃபீல்டர் கையில் விழும். இந்தக் குணம் அவன் தனியாக எறிந்து எறிந்து கையில் படிந்தது. ஆபே அதைப் பயன்படுத்திக்கொண்டான்.

எதிரணித் தலைவரின் கேள்விக்கு இப்போது வருகிறேன். ஆபேயின் மூளைதான் பிட்சரை உருவாக்கும் என்றால், அதே மூளை அதற்கு முன்னால் இருந்த இடத்தைப் பாருங்கள். பள்ளிக்கு வெளியே தோதா நார்த் என்ற இளையோர் அணியில் ஆபேயின் ஜோடி ஹருனா மோதொகி. இடக்கைப் பிட்சர், பயங்கர வேகம். வேகத்தில் மிஹாஷி பக்கத்திலேயே வர முடியாது. ஆனால் பந்து எங்கே போகும் என்பது ஹருனாவுக்கே தெரியாது. ஆபேயின் உடம்பெல்லாம் கன்றிப்போன காயங்கள். எண்பது பந்து ஆனதும், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும், ஹருனா இறங்கிப் போய்விடுவான். அங்கே ஆபேயின் வியூகம் எங்கே போனது? எந்தப் பந்தை எங்கே போட வேண்டும் என்று சைகை காட்டலாம், திட்டம் தீட்டலாம், பேட்டரின் கால் வைப்பைப் பார்த்து மனத்தைப் படிக்கலாம். வெளி மூலையில் தாழ்வாகப் போடு என்று கேட்டால் அங்கே போடும் கை எதிரே இல்லையென்றால், அந்த மூளை ஒரு அவுட்டைக்கூட வாங்கித்தர முடியாது. ஒரே ஆபே, இரண்டு பிட்சர்கள். ஒருவனிடம் காயம்தான் வாங்கினான், இன்னொருவனோடு சேர்ந்து சாம்பியனை வீழ்த்தினான். மாறியது எது? எதிரே இருந்த கை!

மிஹோஷியில் மூன்று வருஷம் தோற்றானே என்றார்கள். ஏன் தோற்றான்? கேட்சர் ஹதாகெ அவனுக்குச் சைகையே கொடுக்க மாட்டான். பின்னால் நின்ற ஃபீல்டர்கள் அவனுக்காக ஆடத் தயாராக இல்லை. தன் அணியே தனக்கு எதிராக நிற்கும்போது, நூறு கிலோமீட்டர் பந்தோடு எந்தப் பிட்சர் ஜெயிப்பான்? நாம் பார்க்க வேண்டியது வேறு. வெறுப்பின் நடுவே மூன்று வருஷம் அவன் மேட்டைவிட்டு இறங்கவில்லை. எதிரணி நண்பர் இதைச் சுயநலம் என்றார். மிஹாஷியும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்து அழுகிறான். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யாரும் விரும்பாத இடத்திலும் பந்தைக் கையைவிட்டு விடாதவன்தான் பிட்சர். அந்தப் பிடிப்பை ஆபே ஊட்டியிருக்க முடியாது, அவர்கள் சந்திப்பதற்கு முந்தைய கதை அது.

பயிற்சி ஆட்டத்தில் அதே மிஹோஷியை நிஷிஉரா எதிர்கொள்ளும் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். பழைய அணியைப் பார்த்ததும் மிஹாஷி ஒடுங்கிப்போகிறான். ஆபே அவன் கையைப் பிடிக்கிறான். கை ஜில்லென்று இருக்கிறது. அந்தக் கையைப் பிடித்தபடி, இவன் எவ்வளவு பாடுபட்டிருக்கிறான் என்று உணர்ந்து ஆபேயின் கண்ணே கலங்குகிறது. நீ பிட்சராக இல்லாவிட்டாலும் உன்னை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் நீ அவ்வளவு முயற்சி செய்கிறாய் என்கிற பொருளில் அவன் பேசுகிறான். எதிரணி இதை ஆபேயின் பெருந்தன்மைக்குச் சாட்சியாகக் காட்டினார்கள். எனக்கு அது என் கட்சிக்கான சாட்சி. சொன்னபடி கேட்கும் பிட்சர் ஒருவன் கிடைத்தால் போதும் என்று நினைத்திருந்தவன் ஆபே. அவனே அந்தக் கையின் உழைப்புக்கு முன்னால் தலைவணங்குகிறான். ஆட்டம் முடிந்ததும் மிஹோஷி வீரர்களே வந்து, திரும்பி வந்துவிடு என்று அழைக்கிறார்களே! தங்கள் கண்ணுக்கு முன்னால் மூன்று வருஷம் இருந்த கையை அன்றுதான் பார்த்தார்கள்.

அடுத்தது தோசெய் பள்ளியோடு நடந்த ஆட்டம். சைதாமாவில் சுமார் 150 பள்ளிகள் மோதி, தேசியப் போட்டி நடக்கும் கோஷியென் மைதானத்துக்கு ஒரே ஒரு பள்ளிதான் போகும். முந்தைய கோடையில் அப்படிப் போனது தோசெய். பத்தே பேர் உள்ள நிஷிஉராவுக்கு முதல் ஆட்டத்திலேயே அவர்கள்தான். மழை. ஈரமான பந்து வழுக்கும், மேட்டின் மண் சேறாகிக் கால் நிற்காது. கட்டுப்பாட்டை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு பிட்சருக்கு இதைவிடக் கெட்ட நாள் கிடையாது. அந்த நாளில் ஒன்பது இன்னிங்ஸும் அவன்தான் போட்டான். 5-4 என்று நிஷிஉரா ஜெயித்தது. எங்கள் நாயகன் அணியின் பேட்டர் தஜிமாவின் அடி இல்லாமல் அந்த வெற்றி இல்லை, ஆபேயின் திட்டம் இல்லாமலும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேற்றில் நின்று, களைத்த கையால், கேட்ட கட்டத்தில் பந்தைப் போட்டவன் யார்?

கடைசியாக, எதிரணி தொடாமல் விட்ட ஓர் ஆட்டம். இரண்டாம் பருவத்தில் பிஜோ தைசயாமா பள்ளியோடு நடந்தது. தொடரிலேயே சிறந்த பகுதி அதுதான் என்பது என் எண்ணம், ஹிகுச்சி அசா அங்கேதான் தன் நாயகர்கள்மீதே ஈவிரக்கம் இல்லாமல் நடந்துகொள்கிறார். “என் சைகைக்குத் தலையசைத்து மறுக்காதே” என்று ஆபே முதலிலேயே மிஹாஷியிடம் சொல்லிவைத்திருந்தான். பிஜோ அணி இதைத் தரவுகளிலிருந்து மோப்பம் பிடித்துவிடுகிறது. பிட்சர் மறுக்கவே மாட்டான், கேட்ட இடத்தில் பிசகாமல் போடுவான், அப்படியென்றால் கேட்சரின் மனத்தைப் படித்தால் போதும்! படித்தார்கள், அடித்தார்கள். அவர்கள் கையில் சிக்கியது ஆபேயின் கணக்கு. அந்தக் கணக்கு அவ்வளவு எளிதாகச் சிக்கியதற்குக் காரணமே மிஹாஷியின் கை அணுவளவும் தவறாததுதான்.

அதே ஆட்டத்தில் ஹோம் பிளேட்டில் நடந்த மோதலில் ஆபேயின் முழங்காலில் அடி. மூன்று வருஷத்துக்கு எனக்குக் காயமே வராது, நானே உன் பந்தைப் பிடிப்பேன் என்று வாக்குக் கொடுத்தவன் பெஞ்சுக்குப் போகிறான். முகமூடியை மாட்டிக்கொண்டு தஜிமா வந்து உட்காருகிறான். எதிரணி சொல்வது உண்மையானால், அந்த நிமிஷமே மிஹாஷி சரிந்திருக்க வேண்டும். ஆட்டம் தோற்றது, ஆமாம். ஆனால் அவன் சரியவில்லை. ஆபே இல்லாத மேட்டில், இதுவரை தான் யோசிக்காமலே இருந்துவிட்டேனே என்று உணர்ந்து, யோசித்து, கடைசி வரை எறிகிறான். மறுக்காதே என்று உன்னைக் கட்டிப்போட்டது என் தப்பு என்று பிற்பாடு ஆபேயே தன் முறையை மாற்றிக்கொள்கிறான்.

நடுவர் அவர்களே, தான் போட்ட விதியே அந்தப் பையனை முழு பிட்சராக வளரவிடாமல் தடுத்தது என்று ஆபே வாயாலேயே ஒப்புக்கொண்ட பிறகு, ஆபேதான் அவனை ஏஸ் ஆக்கினான் என்று எதிரணி எப்படி வாதாடப் போகிறது? அடுத்து வரும் பேச்சாளர் அதற்குப் பதில் சொல்லட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.