எல்லாருக்குமான வேலை

நேயர்களுக்கு வணக்கம். "இது நம் எல்லாருடைய பொறுப்பு" என்று மேடையில் யாராவது சொன்னாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அந்த வேலையை யாரும் தொடப்போவதில்லை என்று.

ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற உளவியலாளர்கள் 1968-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, மைக் வழியாகப் பேசவைத்தார்கள். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கும். உண்மையில் அது முன்பே பதிவு செய்தது. தான் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், குரல் அடங்குவதற்குள் உதவி தேடி வெளியே வந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்தது. யாராவது போயிருப்பார்கள் என்று உட்கார்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதனால்தான் முதலுதவி வகுப்பில், கூட்டத்தைப் பார்த்துக் கத்தாதீர்கள், ஒருவரைக் கைகாட்டி "நீங்க ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லுங்கள் என்கிறார்கள்.

அலுவலகத்தில் பத்துப் பேருக்குச் சேர்த்து அனுப்பிய மின்னஞ்சலின் கதி உங்களுக்கே தெரியும்.

வீட்டில் வேறு மாதிரி. மாத்திரை தீரப்போவது, கரண்ட் பில்லின் கடைசி நாள், குழந்தையின் அடுத்த தடுப்பூசி, எல்லாம் ஒருவர் மனதிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மற்றவர் "சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே" என்பார். செய்திருப்பார்தான். ஆனால் நினைவு வைத்துச் சொல்வதும் வேலைதானே? என்னைக் கேட்டால், பெரிய பாதியே அதுதான்.

சரி, பதவிக்கு வருவோம். 1960-இல் பிரான்சிஸ் கெல்சி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புதிதாகச் சேர்ந்தார். தாலிடோமைடு என்ற மருந்தின் விண்ணப்பம் அவர் மேஜைக்கு வந்தது. பல நாடுகளில் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மருந்து. "அங்கெல்லாம் பார்த்துத்தானே அனுமதித்திருப்பார்கள்" என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அன்றைக்கு யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கம்பெனி திரும்பத் திரும்ப நெருக்கியது. ஆதாரம் போதவில்லை என்று அவரும் திரும்பத் திரும்ப எழுதினார். கர்ப்பக் காலத்தில் அதைச் சாப்பிட்ட தாய்மார்களுக்குக் கை கால் குறைபாட்டோடு ஆயிரக்கணக்கில் குழந்தைகள் பிறந்தது 1961 இறுதியில் வெளிச்சத்துக்கு வந்தது. இத்தனைக்கும், புதியவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான் அந்த ஃபைலை அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

நன்றி, வணக்கம்.