கடைசியாப் பால் குடிச்சது எப்ப?

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். மட்டக்களப்புப் பக்கம் குழந்தைகள் வாட்டில கனகாலம் நேர்ஸா நிண்டவள் நான், இப்ப பென்சன். மாரி துவங்கினாப் போதும், வாகரையிலேருந்தும் படுவான்கரையிலேருந்தும் நியூமோனியாப் புள்ளைகள் வந்துகொண்டே இருக்கும், தாய்மார் கேக்கிறது ஒண்டுதான், "மிஸ், புள்ள தப்பிருமா?"

காய்ச்சல் எத்தின, எக்ஸ்ரேயில என்ன எண்டுதான் எல்லாரும் பாப்பாங்க. ஆனா புள்ள எந்தப் பக்கம் போகும் எண்டு காட்டுறது வேற. ஒரு எட்டு மாசப் பொடியன் இன்னும் கண்ணுக்குள்ள நிக்கிறான். காய்ச்சல் பெருசா இல்ல, அழவும் இல்ல, "அமைதியாத்தான் கிடக்கான் மிஸ்" எண்டா தாய். சட்டையத் தூக்கிப் பாத்தா ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழ குழி விழுது, தலையும் மூச்சோட சேந்து ஆடுது, மணிக்கூட்டப் பாத்து ஒரு நிமிசம் முழுக்க எண்ணினன், 72. கால்விரல்ல ஒக்சிசன் பாக்கிற கிளிப்பப் போட்டா நூத்துக்கு 86, நல்லாக் குறைவு. கால் குளிந்து கிடந்தா அது பிழையாவும் காட்டும், அதால தேச்சுச் சூடாக்கித் திரும்பப் போட்டம், அதே 86தான். மறுகாதான் கேட்டன், கடைசியாப் பால் குடிச்சது எப்ப எண்டு. முதல் நாள் பின்னேரமாம். அத நான் வாசல்லயே கேட்டிருக்கணும், இண்டைக்கும் மனசுக்குள்ள குத்துது. ஒக்சிசனும் ஊசி மருந்தும் உடனே துவங்கினம், மூண்டாம் நாள் தானாப் பால் தேடினான், அவன் தப்பிட்டான்.

தென்னாபிரிக்காவில இப்பிடி வாட்டுக்கு வந்த புள்ளைகள வச்சு ஆருக்கு ஆபத்துக் கூட எண்டு கணிக்க ரிஸ்க் (RISC) எண்டு புள்ளி போடுற ஒரு ஸ்கோர் செஞ்சு 2012ல வெளியிட்டாங்க, மறுகா மலாவியிலயும் ஒண்டு செஞ்சாங்க. அதுகளில பாக்கிறது என்ன தெரியுமா, ஒக்சிசன் குறைவா, பால் மறுக்குதா, நினைவு தடுமாறுதா, வயசுக்கேத்த நிறை இருக்கா, இப்பிடியானதுகளத்தான். நெஞ்சுக்குள்ள விசில் மாதிரி இழுப்புச் சத்தம் கேட்டா ஸ்கோர் குறையிற, அதெண்டா ஆபத்துக் குறைவு, நாங்க அந்தச் சத்தத்துக்குத்தான் கூடப் பயப்படுற, அதுக்காக இழுப்பெண்டா வீட்டில வச்சிருக்கச் சொல்லல்ல, அதுக்கும் மருந்து வேணும். அந்த நாட்டுப் புள்ளைகள வச்சுச் செஞ்ச நம்பர அப்பிடியே இஞ்ச போடவும் ஏலாது, ஆனா பாக்க வேண்டிய இடம் எல்லா ஊருக்கும் ஒண்டுதான்.

அதால வீட்டில இதச் செய்யுங்க. புள்ள அழாம இருக்கக்குள்ள சட்டையக் கழட்டி ஒரு நிமிசம் மூச்ச எண்ணுங்க. ரெண்டு மாசத்துக்குள்ள எண்டா 60, ஒரு வயசுக்குள்ள 50, அஞ்சு வயசுக்குள்ள 40, அதத் தொட்டாலே வேகமான மூச்சுத்தான், டொக்டரிட்டக் காட்டணும். பால் குடிக்க மாட்டான், குடிச்சதெல்லாம் சத்தி, வலிப்பு, தட்டி எழுப்பினாலும் முழிக்கிறான் இல்ல, உதடு நீலம் எண்டா விடியட்டும் எண்டு இருக்காதீங்க, 1990 அம்புலன்சுக்கு அடிங்க, ராவெண்டாலும் பரவாயில்ல. வருத்தக்காரப் புள்ள அமைதியாக் கிடக்கிறத நல்லதெண்டு எடுக்காதீங்க, மூத்தம்மா, அம்மம்மா, உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றன்.

வரக்குள்ள மிட்வைஃப் நிறை எழுதித் தாற அந்தக் கார்டையும் மறக்காமக் கொண்டு வாங்க. போன மாசமும் இந்த மாசமும் நிறை ஏறல்ல எண்டா டொக்டர் கார்டில அந்த நிறைக் கோட்டப் பாத்த உடனே புள்ளய வாட்டில நேர்ஸ்மாருக்குக் கிட்டக் கிடத்தச் சொல்லுவார். ஆரும் கேக்காட்டியும் நீங்களே முதல்ல சொல்லுங்க, கடைசியாப் பால் குடிச்சது இத்தின மணிக்கு எண்டு.